நூற்றாண்டின் சண்டையை நடக்கவிடாமல் செய்வது எப்படி?

சண்டை போடக் கற்றுத்தர ஜிம்முக்கு ஒரு மாஸ்டர் இருக்கிறார். சண்டை மூட்டிவிடுவதை யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் ஊரைக் கூட்டி, தேதி குறித்து, போஸ்டர் ஒட்டி, அதற்குப் பிறகு அந்தச் சண்டை நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வது இருக்கிறதே, அது தனி வித்தை. பெரிய குத்துச்சண்டை புரமோட்டர்கள் எல்லாரும் இதில் கரை கண்டவர்கள். தமிழில் இதற்கு ஒரு கையேடு இல்லாத குறையை இன்று தீர்த்துவைக்கிறேன்.

எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளிக்காரன். லாஸ் வேகாஸில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற சண்டை நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும்; இட்லி ஆறுவது தெரியாமல் போனில் அதைப் பார்க்கிறவன். வேலை பார்த்த தொழிற்சாலையில் மூன்று முறை சம்பள ஒப்பந்தப் பேச்சில் தொழிலாளர் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அதில் ஒன்று பதினான்கு மாதம் இழுத்தது. மூன்றாவதாக ஒரு தகுதியும் உண்டு. அதை இப்போதே சொன்னால் கையேட்டை மூடிவைத்துவிடுவீர்கள்.

ஊருக்கும் ஒரு தகுதி உண்டு. 1878 டிசம்பர் 10-ம் தேதி ராஜாஜி பிறந்தது இங்கேதான். அந்த வீடு இன்று நினைவு இல்லம். நாட்டின் மிகப் பெரிய பேச்சுவார்த்தை ஒன்றுக்குத் தாள் எழுதிக்கொடுத்தவரின் ஊரில் இருந்துகொண்டு பேச்சு முறிவதைப் பற்றி எழுதாமல் வேறு எதை எழுதுவது?

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் துண்டை எடுத்துவிடுங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை சந்தை. மாட்டுத் தரகர் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் கையும் ஒரு துண்டுக்கடியில் இருக்கும். விரலைப் பிடித்து, மடக்கி, அழுத்தி விலை சொல்வார்கள். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் விலை என்னவென்று தெரியாது. இரண்டாயிரம் இறங்கி வந்தவனுக்கு வெட்கமில்லை, அவன் இறங்கியது எதிராளியின் விரலுக்கு மட்டும்தான் தெரியும். மாடு கைமாறும். இரண்டு பேரும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகவே உங்கள் சண்டை நடக்கக் கூடாது என்றால் செய்ய வேண்டிய முதல் வேலை, துண்டை உருவிவிடுவது. குத்துச்சண்டை வீரர் டைசன் ஃபியூரி இதை 2023 மார்ச்சில் செய்துகாட்டினார். உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கோடு சண்டை, ஏப்ரல் 29, லண்டன் வெம்ப்ளி மைதானம் என்று பேச்சு. ஃபியூரி இன்ஸ்டாகிராமில் வந்து, எனக்கு எழுபது, உனக்கு முப்பது, நீ தாமதிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் உன் பங்கில் ஒரு சதவீதம் குறையும் என்று அறிவித்தார். உசிக்கும் வீடியோவிலேயே பதில் சொன்னார்: முப்பது சம்மதம், ஆனால் சண்டை முடிந்ததும் உக்ரைனுக்குப் பத்து லட்சம் பவுண்ட் கொடுத்துவிடு.

உலகம் முழுக்கக் கைதட்டியது. பணப் பிரச்சினை தீர்ந்தது, இனி என்ன? இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மறுசண்டை ஷரத்தில் முட்டிக்கொண்டு எல்லாம் முறிந்தது. எழுபதும் முப்பதும் துண்டுக்கடியில் பேசப்பட்டிருந்தால் அடுத்த ஷரத்தில் ஒருவர் விரலை மடக்கியிருக்கலாம். ஊர் பார்க்க ஒரு முறை இறங்கிவந்தவரால் ஊர் பார்க்க இன்னொரு முறை எப்படி இறங்க முடியும்? குத்துச்சண்டையில் மூலையில் நிற்பவர் துண்டை எறிந்தால் ஆள் தோற்றுவிட்டான் என்று அர்த்தம். பேச்சுவார்த்தையிலும் அதே.

ரத்தம் கேளுங்கள்

இந்தப் பாடத்தை நிதானமாகப் படியுங்கள். உலகத்தரமான முறிவு என்றால் இதுதான்.

2009 கடைசியில் ஃப்ளாய்டு மேவெதருக்கும் ஃபிலிப்பைன்ஸின் மேனி பக்கியாவோவுக்கும் சண்டை ஏறக்குறைய முடிவாகிவிட்டது. 2010 மார்ச் 13. எடை 147 பவுண்ட். பணம் சரிபாதி. கையுறை எட்டு அவுன்ஸ். எடை கூடினால் பவுண்டுக்கு ஒரு கோடி டாலர் அபராதம் என்றுகூடப் பேசி முடித்ததாகச் செய்தி வந்தது. பவுண்டுக்கு ஒரு கோடி! எங்கள் ஊர் ரோஜாத் தோட்டக்காரருக்கு எடைக்கு இந்த விலை கிடைத்தால் அவர் ஏன் பனியில் எழுந்து பூப் பறிக்கப் போகிறார்?

இவ்வளவு முடிந்த பிறகு மேவெதர் தரப்பு ரத்தம் கேட்டது. ஒலிம்பிக்கில் எடுப்பது மாதிரி, முன்னறிவிப்பு இல்லாமல் ரத்தப் பரிசோதனை. ஊக்கமருந்து இல்லாத விளையாட்டு வேண்டும் என்பதில் யாருக்கு ஆட்சேபம் இருக்க முடியும்? பக்கியாவோ, சண்டை நெருங்கும்போது ரத்தம் எடுத்தால் உடம்பு தளர்ந்துவிடும் என்றார். சண்டைக்கு இருபத்துநான்கு நாளுக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள் என்றது இவர் பக்கம். பதினான்கு நாள் வரைக்கும் எடுப்போம் என்றது அவர் பக்கம். டேனியல் வைன்ஸ்டீன் என்ற ஓய்வுபெற்ற நீதிபதியை நடுவில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கோடிக்கணக்கான டாலர், இரண்டு நாட்டு ரசிகர்கள், எல்லாம் பத்து நாள் இடைவெளிக்குள் விழுந்து காணாமல் போயின.

கவனியுங்கள், பெரிய விஷயத்தில் முறித்தால் மாட்டிக்கொள்வீர்கள். பணத்தில் முறித்தால் பேராசைக்காரன் என்பார்கள். தேதியில் முறித்தால் பயந்தாங்கொள்ளி. முறிவதற்கு ஒரு நல்ல காரணம் சின்னதாக இருக்க வேண்டும், அதே நேரம் மானத்தைத் தொட வேண்டும். 'நீ மருந்து சாப்பிடுகிறவன்' என்று மேவெதர் தரப்பு மறைமுகமாகச் சொன்னது. 'நீ என்னைச் சந்தேகப்படுகிறாயா' என்று பக்கியாவோ அவதூறு வழக்கே போட்டார். பத்து நாளை ஐந்து ஐந்தாகப் பிரித்துக்கொள்ளலாம். சந்தேகத்தை எப்படிப் பிரிப்பது?

எங்கள் பதினான்கு மாதப் பேச்சும் சம்பளத்தில் முறியவில்லை. சீருடையைத் தைத்துக் கொடுப்பதா, துணியும் தையல் கூலியும் கொடுப்பதா என்பதில் முறிந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் ஆளுக்கு ஒரு சினிமா டிக்கெட் காசு இருக்கும். ஆனால் நிர்வாகத் தரப்பில் ஒருவர், கூலியை வாங்கிக்கொண்டு தைக்காமல் விட்டுவிடுவீர்களே என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். சிரிப்பு அவரோடு போய்விட்டது, வார்த்தை மட்டும் மேஜைமேல் நான்கு மாதம் கிடந்தது.

வடசென்னையில் அந்தக் காலத்துச் சுவரொட்டிகளில் 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று போடுவார்கள். 2021-ல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்தபோது பலர் இந்த வார்த்தையைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு அது மிகச் சரியான வார்த்தையாகப் பட்டது. விற்கிற சரக்கே ரோசம்தான். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று இரண்டு குத்துச்சண்டைப் பரம்பரைகள் மோதுகின்றன என்றால் கூட்டம் குத்தை எண்ணவா வருகிறது? ரோசத்தை விற்றுப் பிழைக்கிறவனிடம் போய் மேஜையில் உட்கார்ந்து அதையே கொஞ்சம் விட்டுக்கொடு என்று கேட்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் கோளாறு. ரோசமே இல்லாத சண்டை என்றால் எளிதாக நடந்துவிடும். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து, எம்.ஜி.ஆர். முன்னிலையில், தன் ஊர்க்காரரும் பழைய பயிற்சிக் கூட்டாளியுமான ஜிம்மி எல்லிஸோடு நேரு ஸ்டேடியத்தில் மேடையேறினார். வெறும் காட்சிச் சண்டை. ஜெயிப்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை.

எது முன்னால், எது பின்னால் என்று கேளுங்கள்

இரண்டு பேரும் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டுவிட்டார்களா? பதற வேண்டாம். வரிசையைக் கேளுங்கள்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர் வருகிறார். குத்துச்சண்டைக் கையேட்டில் தன்னைச் சேர்த்ததற்கு அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அவர் முறைப்பது தெரிகிறது. 1944-ல் காங்கிரஸுக்கும் முஸ்லிம் லீகுக்கும் நடுவே ராஜாஜி ஒரு திட்டம் எழுதினார். லீக் சுதந்திரக் கோரிக்கையை ஆதரிக்க வேண்டும்; போர் முடிந்ததும் வடமேற்கிலும் கிழக்கிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள, ஒன்றையொன்று ஒட்டிய மாவட்டங்களை அடையாளம் காண்பது; பிரிவதா என்று அங்குள்ள மக்கள் எல்லாரிடமும் வாக்கெடுப்பது. அதை வைத்துக்கொண்டு காந்தி, பம்பாய் மலபார் ஹில்லில் ஜின்னாவின் வீட்டுக்கே போய் செப்டம்பர் 9 முதல் 27 வரை பேசினார்.

முறிந்தது எங்கே? காந்தி, முதலில் சுதந்திரம் வரட்டும், பிறகு பிரிவினை என்றார். ஜின்னா, முதலில் பிரிவினை என்றார். நீங்கள் யாருடைய பிரதிநிதியாக வந்திருக்கிறீர்கள் என்றும் கேட்டார்; காந்தி தனி மனிதராகத்தான் வந்திருந்தார். மூன்று வருடம் கழித்து பஞ்சாபும் வங்காளமும் பிளந்துதான் பாகிஸ்தான் வந்தது, ராஜாஜியின் தாளில் இருந்ததற்கு ரொம்ப தூரமில்லை. இடையில் போன உயிர்களை நினைத்தால் இந்த இடத்தில் என்னால் கிண்டல் எழுத முடியவில்லை. அடுத்ததற்குப் போகிறேன்.

'யாருடைய பிரதிநிதி' என்ற ஜின்னாவின் கேள்வி மட்டும் எந்த மேஜைக்கும் பயன்படும். கையெழுத்துப் போட அதிகாரம் இல்லாத ஆளையே பேச்சுக்கு அனுப்புங்கள். வீரர், 'என் ஆலோசகரைக் கேளுங்கள்' என்பார். ஆலோசகர், புரமோட்டரைக் காட்டுவார். புரமோட்டர், டிவியைக் காட்டுவார். பக்கியாவோ எச்.பி.ஓ. டிவியின் ஆள், மேவெதர் 2013-ல் ஷோடைமுக்குப் போய்விட்டார். இரண்டு டிவியும் ஒரே சண்டையை எப்படிக் காட்டுவது என்றே மாதக்கணக்கில் பேசலாம். தொழிற்சாலையில் இதற்கு எங்களிடம் மூன்றே வார்த்தை: 'ஹெட் ஆபீஸைக் கேட்கணும்.'

பழைய ஒப்பந்தத்தைப் படிக்காதீர்கள்

2021 மே 16, ஞாயிற்றுக்கிழமை. ஃபியூரி வீடியோவில் வந்தார். ஆகஸ்ட் 14, சவூதி அரேபியா, நானும் ஆன்டனி ஜோஷுவாவும், நூறு சதவீதம் உறுதி. மறுநாள் திங்கட்கிழமை அமெரிக்காவில் ஒரு மத்தியஸ்தர், டியான்டே வைல்டருக்கு மூன்றாவது சண்டை தருவதாக ஃபியூரி ஏற்கெனவே எழுதிக்கொடுத்தது செல்லும், அதை முதலில் முடியுங்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த மத்தியஸ்தர் யார் தெரியுமா? ரத்தப் பரிசோதனைப் பஞ்சாயத்தில் உட்கார்ந்த அதே வைன்ஸ்டீன். மனிதருக்கு என்ன ராசியோ! அக்டோபரில் ஃபியூரி வைல்டரை வீழ்த்தினார். அதற்குள் செப்டம்பர் 25-ல் ஜோஷுவா உசிக்கிடம் தோற்றுப்போனார். நூறு சதவீதம் போயே போய்விட்டது.

ஓசூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 2024 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் சட்டப்பேரவையில், ஓசூரில் 2,000 ஏக்கரில், வருடம் 3 கோடிப் பயணிகள் வந்துபோகும் பன்னாட்டு விமான நிலையம் என்று அறிவித்தார். டீக்கடையில் அன்று இரவே நிலத்தின் விலை ஏறியது. பக்கத்திலேயே தேவனஹள்ளியில் 2008-ல் திறந்த பெங்களூரு விமான நிலையம் இருக்கிறது. அதன் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: 150 கிலோமீட்டருக்குள் 25 வருடத்துக்கு இன்னொரு நிலையம் கூடாது. அதாவது 2033 வரை. யார் சரி, யார் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அறிவிப்புக்குக் கைதட்டும்போது மூலையில் ஒரு பழைய தாள் தூங்கிக்கொண்டிருக்கும், அதை யாரும் எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமயம் வந்தால் அதுவே எழுந்துகொள்ளும்.

குப்பைத்தொட்டியும் ஒரு வழி

பேசவே விருப்பமில்லை என்றால் 1992 டிசம்பரில் ரிடிக் போ செய்ததைச் செய்யலாம். உலகப் பட்டம் அவர் கையில். கட்டாயமாகச் சந்திக்க வேண்டிய ஆள் லெனாக்ஸ் லூயிஸ், நான்கு வருடம் முன்னால் சியோல் ஒலிம்பிக் இறுதியில் போவை அடித்து வீழ்த்தியவர். போ லண்டனில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, டபிள்யூ.பி.சி. என்ற குத்துச்சண்டை அமைப்பின் பச்சை பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். தொழில்முறையில் இரண்டு பேரும் கடைசிவரை மோதவேயில்லை. பெல்ட் போனது, இன்னொரு தோல்வி வராமல் போனது. எது லாபம் என்று போவைத்தான் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவைப்படாது, அலுவலகக் கடிதமே போதும். 2019-ல் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு மேரி கோமைத் தேர்வுச் சண்டை இல்லாமலே அனுப்பப் பார்த்தார்கள். நிகத் சரீன் என்ற இளம்பெண் விளையாட்டு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். டிசம்பர் 28-ல் டெல்லியில் சண்டை நடந்தே விட்டது. மேரி கோம் 9-1 என்று ஜெயித்தார், கை கொடுக்காமல் இறங்கிப் போனார். கடிதம் எழுதுகிற எதிராளி கிடைத்தால் இந்தக் கையேடு உங்களைக் காப்பாற்றாது.

இந்த முறைகளுக்கு வேறு சில ஆபத்துகளும் உண்டு. 2015 ஜனவரியில் மயாமியில் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் மேவெதரும் பக்கியாவோவும் எதேச்சையாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் போன் நம்பரை மாற்றிக்கொண்டார்கள். ஐந்து வருடம் வக்கீல்கள் கட்டிய சுவர் ஒரு போன் நம்பரில் சரிந்தது. மே 2-ல் சண்டை. பங்கு அறுபது-நாற்பது. ரத்தப் பரிசோதனைக்கும் பக்கியாவோ ஒத்துக்கொண்டார். அப்போது பக்கியாவோவுக்கு வயது 36, மேவெதருக்கு 38. அமெரிக்காவில் மட்டும் சுமார் 46 லட்சம் வீடுகள் ஏறக்குறைய நூறு டாலர் கொடுத்துப் பார்த்தன. பன்னிரண்டு சுற்றும் மேவெதர் நழுவிக்கொண்டே போய்ப் புள்ளியில் ஜெயித்தார். பக்கியாவோ தோளில் காயம் என்றார். நான் அன்று இட்லியைச் சூடாகவே சாப்பிட்டிருக்கலாம். ஆனால் ஒன்று யோசியுங்கள். 2010-லேயே நடந்திருந்தால் இத்தனை வீடுகள் வாங்கியிருக்குமா? நடக்காமல் போன ஐந்து வருடம்தான் அதற்கு எரு. முறிந்த பேச்சை நஷ்டம் என்று நினைக்கிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

சவூதிக்காரர்கள் இன்னொரு ஆபத்து. சதவீதச் சண்டையே வராத அளவுக்கு இரண்டு பக்கமும் பணத்தைக் கொட்டிவிடுகிறார்கள். வெம்ப்ளியில் முறிந்த ஃபியூரி-உசிக் சண்டை அப்படித்தான் 2024 மே 18-ல் ரியாத்தில் நடந்து, உசிக் ஜெயித்தார். உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு புண்ணியவான் தலைகாட்டினால் உடனே ஊரை விட்டுக் கிளம்புங்கள்.

இப்போது என் மூன்றாவது தகுதி.

சில வருடம் முன்னால் பொங்கலுக்கு ஒரு குத்துச்சண்டை நடத்தலாம் என்று நான்தான் கிளம்பினேன். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், பாகலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். இரண்டு பேரும் ஓசூரில் வெவ்வேறு ஜிம்மில் பழகுகிறவர்கள். ஜெயித்தவருக்குப் பத்தாயிரம், தோற்றவருக்கு ஒரு மிக்சி. பணம் ஒரு டீயில் முடிந்தது. நான் ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தேன்.

ஃப்ளெக்ஸ் வந்த அன்று பாகலூர்ப் பையனின் தாய்மாமன் பாக்கெட்டிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார். அளந்தார். எங்கள் பையன் தலை இரண்டு இன்ச் பெரிசு. போட்டோ எடுத்த கோணம் என்று சொல்லிப் பார்த்தேன். வேறு அடித்தேன். இப்போது தலை சமம், ஆனால் யார் பேர் இடது பக்கம்? அதையும் சீட்டுப் போட்டு முடித்தேன். பிறகு, மேடைக்கு யார் கடைசியாக வருவது? பெரிய வீரர்தானே கடைசியில் வர வேண்டும். இரண்டு பேரும் கடைசியில்தான் வருவோம் என்றார்கள். இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வரட்டும் என்றேன், என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு. மைக்கில் யார் பேரை முதலில் கூப்பிடுவீர்கள் என்று எங்கள் பையனின் மாஸ்டர் கேட்டார்.

மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணா, உங்களுக்குத் தெரியாதது இல்ல. பையனுக்கு அடி விழுந்தா மருந்து போட்டுக்கலாம். பேரு கீழ போயிட்டா எதப் போடறது?"

என்னிடம் பதில் இல்லை. பொங்கல் வந்தது, போனது. மிக்சி எங்கள் வீட்டில் ஓடுகிறது. இரண்டு பையன்களும் இப்போது ஒரே கம்பெனியில் ஒரே ஷிப்ட், ஒரே பைக்கில் போகிறார்கள். யார் ஓட்டுவது என்று அவர்களுக்குள் தகராறு வந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது ஃப்ளெக்ஸை வாசலில் விரித்து என் மனைவி ராகி காயப்போடுகிறாள். இரண்டு முகமும் ராகிக்கு அடியில். மேகம் கூடினால் நான்கு முனையையும் மடித்து ராகியை மூடிவிடுவாள். அப்போது வெளியே தெரிவது கடைசி வரி மட்டும்: 'நேருக்கு நேர். தேதி விரைவில்.'